பத்து நாற்பதுக்கு ஒரு கண்டம்!

வீல்!

மெத்தைக்கடையின் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது அந்த அலறல்.

கல்யாணச் சாமான் வாங்க வந்த பெண் ஒருத்தி ஸ்ப்ரிங் மெத்தையை அமுக்கிப் பார்த்திருந்தாள். மெத்தை எழும்பியது. அதில் படுத்திருந்த கடை முதலாளி எழும்பவில்லை!

"ஐயோ... விளம்பரத்துக்குப் படுத்திருக்கார்னு நெனச்சேன்... கை சில்லுனு இருக்கே!"

பக்கத்து ஸ்டூலில் ஒரு காலி டீ கிளாஸ்.

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினாள். முதலாளியின் காலடியில் ஒருவன் விம்மிக்கொண்டிருந்தான். மச்சான். முதலாளி மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருஷமாகக் கடையை நடத்துபவன்.

"டீ யார் குடுத்தது?"

"நான்தான் மேடம். தினமும் நான்தான்..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம்... விதி! மாமாவோட வருஷ ஜாதகத்துலயே இருக்கு. இன்னிக்குக் காலைல பத்து நாற்பதுக்குக் கண்டம் ஆரம்பம்!"

"விதியை எஃப்.ஐ.ஆர்.ல எழுத முடியாதே... அட்ரஸ் கேப்பாங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். முதலாளியின் கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். நிமிர்ந்து, ஏட்டின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். முகத்தில் சலனமே இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து முதலாளியை ஏற்றிக்கொண்டு போனது. மச்சான் வாசல் வரை ஓடிப் போய்க் கதறினான்.

"அந்த ஜோசியர் நம்பர் குடுங்க."

கொடுத்தான். ஆவலோடு!

ஊரில் அவருக்குக் கால்குலேட்டர் ஜோசியர் என்று பெயர். ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

"வருஷ ஜாதகம்னா என்ன ஜோசியரே? சுருக்கமா..."

"பிறந்தப்ப சூரியன் நின்ன பாகைக்கே வருஷா வருஷம் திரும்பி வரும்மா. அந்த நொடிக்குப் போடுற ஜாதகம். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் பலன்."

"அதுல தேதி எப்படி வரும்?"

"ரெண்டு கணக்கு இருக்கு. நூத்திருபது வருஷ தசையை ஒரே வருஷத்துக்குள்ள அமுக்கிட்டா முத்தா தசை. செவ்வாயோட ஏழு வருஷம் வெறும் இருபத்தோரு நாளா சுருங்கிடும். இன்னொண்ணு பாத்யாயினி தசை. கிரகங்க நின்ன பாகையை வெச்சு நாளைப் பங்கு போடுறது. நான் எப்பவும் பாத்யாயினிதான்."

"முதலாளிக்குக் கண்டம் எந்தத் தேதின்னு கணிச்சீங்க?"

"அடுத்த மாசம் பதினேழு."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"அப்போ இன்னிக்குப் பத்து நாற்பது?"

"அது மச்சான் கேட்டு வாங்குனதும்மா! போன வாரம் வந்தாரு. 'அடுத்த மாசம் ரொம்ப லேட்டு சார்... அதுக்கு முன்னாடி ஏதாவது தேதி கெடைக்குமா?'ன்னாரு. முத்தா போட்டுப் பார்த்தேன். கண்டம் குடுக்குற செவ்வாய் இன்னிக்கே ஆரம்பிச்சுது. சந்தோஷமா எழுதி வாங்கிட்டுப் போனாரு."

மச்சானின் விம்மல் நின்றது.

"கண்டத்துக்கே அட்வான்ஸ் புக்கிங்கா?" இன்ஸ்பெக்டர் திரும்பினாள். "என்ன அவ்வளவு அவசரம்?"

"அ... அக்கறைதான் மேடம்..."

ஏட்டு மேஜையிலிருந்த பத்திரத்தை நீட்டினார். "முதலாளி நாளைக்குக் கடையை விக்கிறாராம் மேடம். இவருக்கு இதுல ஒரு செங்கல்கூடக் கெடையாது."

"நாளைக்கு வித்தா நீங்க தெருவுல. அதுக்குள்ள அவர் போயிட்டா கடை உங்க அக்காவுக்கு. அடுத்த மாசம் வரைக்கும் செவ்வாய்க்காகக் காத்திருக்க முடியாது. அப்படித்தானே?"

"மேடம், செத்த வீட்டுல இப்படிப் பேசாதீங்க!"

"யாரு செத்தா?"

"மாமா..."

"நாடி நல்லாத்தானே துடிச்சுது? ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன்."

மச்சானின் வாய் பிளந்தது.

"எப்படி?! ரெண்டு மூடி ஊத்துனேனே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரொம்ப லேட்!

பூச்சி மருந்து பாட்டில் தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து கிடைத்தது. விலங்கு மாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். அவன் அழுதான்... இந்த முறை நிஜமாக.

மாலை நாலு மணிக்கு ஸ்டேஷன் போன் அலறியது.

"மேடம், நான் மெத்தைக்கடை முதலாளி! என்னை ஏன் ஆஸ்பத்திரில போட்டு வயித்தைக் கழுவுறாங்க?"

"உங்க டீயில பூச்சி மருந்து!"

"டீயா? அதை வாஷ்பேசின்ல ஊத்திட்டேனே!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"ஏன்?"

"டீ குடிச்சா தூக்கம் வருமா? மச்சான் டிராயர்ல ஒரு சீட்டு பார்த்தேன். இன்னிக்குப் பத்து நாற்பதுக்கு எனக்குக் கண்டம்னு. சொன்னா நான் பயந்துடுவேன்னு ஒளிச்சு வெச்சிருக்கான், பாவம்! முழிச்சிட்டிருந்தாத்தானே ஆபத்து? மூணு தூக்க மாத்திரையைப் போட்டு நம்ம கடை மெத்தையிலயே சாஞ்சிட்டேன்."

மறுமுனையில் ஒரு நீண்ட கொட்டாவி.

"மேடம்... மச்சான் எங்க? நான் போயிட்டேன்னு நெனச்சு ரொம்ப ஒடஞ்சிருப்பான்."

"ஆமா சார். சுக்குநூறா!"

ரிசீவரை வைத்தாள். லாக்கப்பின் கம்பிகளுக்கு நடுவே மச்சானின் முகம் முளைத்தது.

"மேடம்... அந்த ஜோசியருக்கு ஒரே ஒரு போன் போடட்டுமா? நான் எப்ப வெளிய வருவேன்னு மட்டும் கேட்டுக்கறேன்."

"எதுக்குப்பா அவரு?" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு ஜட்ஜைக் கேளு. அவர் சொல்ற தேதி ஒருநாளும் தப்பினதில்ல!"