முன்சக்கரத்தில் மஞ்சள் துணி

போன் அலறியது!

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மணிமொழி, க்ரீஸ் கையாலேயே எடுத்துக் காதில் வைத்தாள்.

"வேங்கிக்கால்ல கார் ஸ்ப்ரிங் மாத்துற மணிமொழியா? இன்ஸ்பெக்டர் திருமலை பேசறேன். கெளம்பி ஸ்டேஷனுக்கு வாங்க."

"இன்னா விஷயம் சார்?"

"நீங்க மாட்டின ஸ்ப்ரிங் உடைஞ்சு ஒருத்தர் செத்துட்டாரு."

எழுந்த வேகத்தில் நெற்றி காரின் அடிப்பாகத்தில் இடித்தது. வலி தெரியவில்லை. கோபம்தான் தெரிந்தது... பன்னிரண்டு வருஷத்தில் அவள் மாட்டிய ஸ்ப்ரிங் ஒன்றுகூட உடைந்ததில்லை!

ஸ்டேஷன் வாசலில் கூட்டம்.

ஓரமாக, மூக்கு நசுங்கிய ஒரு வெள்ளைக் கார். கிரிவலப் பாதையில் லாட்ஜ் வைத்திருந்த இராமலிங்கத்தின் கார். நேற்றுக் காலை செங்கம் ரோட்டில் போகும்போது முன்சக்கர டயர் கிழிந்து, நேராகப் புளியமரத்தில் போய் மோதியிருக்கிறது. மனிதர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் மனைவி ரேணுகாம்பாள், அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

இராமலிங்கத்தின் தம்பி சரவணகுமாருக்குத் தெம்பு நிறையவே இருந்தது. மணிமொழியைப் பார்த்ததும் பாய்ந்து வந்தான்.

"இவதான் சார். கம்பெனி ஸ்ப்ரிங்கைக் கழட்டிப் போட்டுட்டு டூப்ளிகேட்டை மாட்டினவ. பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர் வேலை? உள்ள தூக்கி வைங்க சார்."

மணிமொழிக்குக் காது மடல் வரை சூடேறியது.

"அவ இவன்னு பேசாதீங்க. லாட்ஜுக்குச் சாமான் ஏத்தி ஏத்தி வண்டி தொங்குதுன்னு உங்கண்ணன் கேட்டாரு. கனமான ஸ்ப்ரிங்கா பார்த்து நாலு சக்கரத்துக்கும் போட்டேன். அவர் வண்டிக்கு சிவப்பு, உங்க வண்டிக்கு நீலம். ஒரே நாள், ஒரே சரக்கு. மறந்துபோச்சா?"

"சிவப்போ நீலமோ... அது வண்டியில எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

திருமலை இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். முப்பது வருஷ சர்வீஸ். யார் கத்தினாலும் அவர் குரல் உயராது. சாக்குப்பை ஒன்றை மணிமொழியின் காலடியில் வைத்தார்.

"உடைஞ்ச ஸ்ப்ரிங் இதுல இருக்கு. ஏன் உடைஞ்சதுன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா எஃப்.ஐ.ஆர்ல உங்க பேரு ஏறும். கடைக்கும் பூட்டுதான்."

மணிமொழி உட்கார்ந்து பையைப் பிரித்தாள்.

அவள் கையால் மாட்டிய அதே சிவப்பு ஸ்ப்ரிங். கடைசிச் சுற்று ஒடிந்திருந்தது. ஒடிந்த முனைதான் டயரைக் கிழித்திருக்க வேண்டும்.

உடைந்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பளபளப்பு... அது நேற்று உடைந்தது. ஓரமெல்லாம் கறுத்த துரு... அது பல மாசமாக அரித்தது!

துருவுக்கு மேலே வெள்ளையாய் ஏதோ பொடி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு!

எழுந்து ஓடி, நசுங்கிய காரின் முன்சக்கரத்துக்குள் தோள் வரை கையை விட்டாள். ஸ்ப்ரிங் உட்காரும் தட்டில் ஒரு துணித் துண்டு விரலில் சிக்கியது. இழுத்தாள். மஞ்சள் துணி. உள்ளே கல்லுப்பு, பாதி கரைந்து, பாதி கட்டியாய்.

ரேணுகாம்பாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஐயோ... அது திருஷ்டி உப்பு."

திக்கித் திக்கிச் சொன்னாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் முடித்துவிட்டு வந்து, கல்லுப்பை மஞ்சள் துணியில் முடிந்து காருக்கு அடியில் கட்டுவாளாம். பழையதை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதியது. கண்ணு படக்கூடாது, அவர் பத்திரமாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல்.

"அப்போ... நானேதான் அவரைக் கொன்னுட்டேனா?"

சரவணகுமார் அண்ணியின் தோளைத் தொட்டான். குரல் இப்போது வெண்ணெயாய் வழுக்கியது.

"விடுங்க அண்ணி. சாமி காரியம்னு செஞ்சீங்க. உங்களுக்கு இன்னா தெரியும்? சார், கேஸெல்லாம் வேணாம். பாடியைக் குடுங்க, காரியத்தை முடிச்சுடறோம்."

இன்ஸ்பெக்டரும் தலையை ஆட்டினார். மணிமொழியைப் போகலாம் என்றார்.

போயிருக்கலாம். பழி போயிற்று, கடை தப்பிற்று.

ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தன்னை உள்ளே வைக்கச் சொல்லிக் குதித்தவன், கேஸே வேண்டாம் என்கிறான்! இந்த அம்மா மிச்சக் காலம் முழுக்க, புருஷனைத் தானே கொன்றதாக நினைத்துச் சாக வேண்டுமா?

"அக்கா, நீங்க எந்த எடத்துல கட்டுவீங்க?"

"பின்னாடிதான். நம்பர் பிளேட்டுக்குக் கீழ ஒரு கொக்கி இருக்கே, அதுல."

மணிமொழி காரின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். போன பௌர்ணமிக்குக் கட்டிய முடிச்சு, கொஞ்சமும் கலையாமல் கொக்கியில் தொங்கியது.

"சார், அக்கா கட்டினது இங்க இருக்கு. அப்போ முன்னாடி கட்டினது யாரு?"

"அவங்களே மறந்து ரெண்டு கட்டியிருப்பாங்க" என்றான் சரவணகுமார்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு, தோள் வரைக்கும் கையை உள்ள விட்டாத்தான் ஸ்ப்ரிங் எட்டும். புடவையோட அதைச் செஞ்சுட்டு மறந்துட்டாங்களா?" மணிமொழி உடைந்த துண்டை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "இன்னொண்ணு பாருங்க சார். மேல இருக்கிற சிவப்பு கோட்டிங் நல்லா இருந்தா, மூட்டை உப்பைக் கொட்டினாலும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. கல்லு அடிச்சா கோட்டிங் திட்டுத்திட்டாத்தான் பேரும். இங்க மோதிரம் போட்ட மாதிரி சுத்திலும் போயிருக்கு. யாரோ உக்காந்து தேய்ச்சிருக்காங்க. தேய்ச்ச எடத்துல ஈரத்துணியில உப்பைக் கட்டி வச்சிருக்காங்க."

திருமலை துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் சரக்கு மோசம்னு சொன்னாரே, இவரு வண்டி இங்கதானே நிக்குது. அதையும் ஒருவாட்டி பார்த்துடலாம் சார்."

"எனக்கு டைம் இல்ல. ஜி.எச்ல பாடி வாங்கணும்..."

"சாவியைக் குடுப்பா" என்றார் திருமலை.

வாங்கி இரண்டு வருஷமான கார். சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட மனிதன் இன்னும் கழற்றவில்லை. மணிமொழி ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு இறங்கி, செல்போன் டார்ச்சைச் சக்கரத்துக்குள் அடித்தாள்.

நீல ஸ்ப்ரிங், மாட்டிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. சேறு இல்லை. உப்பு இல்லை. கல் பட்டுப் பெயர்ந்த இடங்களில் மட்டும் துருப்பிடிக்காமலிருக்க பிரஷ்ஷால் மருந்து தடவியிருந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படியே.

"எங்க இருக்குன்னே தெரியாத ஸ்ப்ரிங்கை இவ்ளோ அழகா வச்சிருக்கீங்களே."

"சர்வீஸ் விட்ட எடத்துல செஞ்சிருப்பாங்க."

மணிமொழி அவன் காரின் பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கினாள். சீட் உறையையே கழற்ற மனசு வராதவன் எதைத்தான் தூக்கி எறிவான்? அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மருந்து டப்பா, பிரஷ், மஞ்சள் துணி கொஞ்சம். கடைசியாக, நாலாய் மடித்த உப்புத்தாள். இரும்பு தேய்க்கிற தாள், தேய்ந்துபோன பழசு.

திருமலை அதைப் பிரித்தார். சொரசொரப்பு முழுக்க அப்பியிருந்தது பொடி.

சிவப்புப் பொடி!

"நீல ஸ்ப்ரிங் போட்ட காருல சிவப்பு பெயிண்ட் எப்படிப்பா வந்துச்சு?"

சரவணகுமார் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கால்தான் வந்தது... இரண்டே எட்டு! கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

மிச்சத்தை ஸ்டேஷனுக்குள் கக்கினான். அடி அண்ணாமலை கிராமத்தில் இருவருக்கும் பொதுவில் இருந்த நிலத்தை விற்க அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கழுவிக் கொண்டுவருகிறேன் என்று மாசாமாசம் அண்ணன் காரை ஓட்டிப் போய், பின்னால் அண்ணி புது உப்பு கட்டினதும் முன்னால் இவனும் புதுசாய் நனைத்துக் கட்டியிருக்கிறான். பதினாலு மாசம்! எப்போதாவது மாட்டினால் அண்ணியின் பக்தியின் தலையில் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

ரேணுகாம்பாள் அவன் எதிரே வந்து நின்றாள். நாள் முழுக்க வராத கண்ணீர் இப்போது வந்தது.

"சரவணா, அண்ணனைக் கொன்னது ஒரு பாவம். நான்தான் கொன்னேன்னு என்னையே நம்ப வச்ச பாரு... அதுக்கு நீ நல்லாவே இருக்க மாட்ட."

பிறகு மணிமொழியின் க்ரீஸ் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சரவணகுமாரை ஜீப்பில் ஏற்றியதும் திருமலை மணிமொழியிடம் வந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. இவன் அண்ணன் லாட்ஜ்ல ரூம் சாவி எடுத்துக் குடுக்கிற ஆளு. கோட்டிங் போனா துரு ஏறும், உப்பு பட்டா சீக்கிரம் அரிக்கும், கடைசிச் சுத்துதான் மொதல்ல உடையும்... இவ்ளோ விவரம் இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மணிமொழி பல்லைக் கடித்தாள்.

"நான்தான் சார் சொன்னேன். ஸ்ப்ரிங் மாட்டின அன்னிக்கு ரெண்டு பேரையும் நிக்க வச்சு அரை மணி நேரம் சொன்னேன். பெரியவரு போனை நோண்டிட்டு இருந்தாரு. இவன் கேள்வி மேல கேள்வி கேட்டான்."

ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

"பன்னெண்டு வருஷமா வர்றவங்க கிட்டல்லாம் பராமரிப்பைப் பத்திக் கத்தறேன் சார். காது குடுத்துக் கேட்ட ஒரே கஸ்டமர் இவன்தான். அவனையும் நீங்க புடிச்சுட்டுப் போறீங்க!"