விளிம்பைத் தாண்டிய பெயர்

பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுத் தாள்களின் ஓர இடைவெளியை அளப்பது என் வேலை. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்றப் பக்கங்களில் ஓர் அங்குலம். கொஞ்சம் மீறினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

பொறியியல் துறை மாணவன் டெரில் மெல்னிக் வந்தது மதியம் இரண்டு மணிக்கு. பூட்ஸில் பனி, கையில் காபி, முகத்தில் அவசரம். நாலரைக்குள் நான் முத்திரை குத்தாவிட்டால் இந்தப் பருவத்தில் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால் திங்கட்கிழமை கால்கரியில் தொடங்கும் வேலையும் கிடையாது.

"எண்பத்து மூணாம் பக்கம், லோர்னா. ஆறு வரி வலதுபக்கம் துருத்திக்கிட்டு நிக்குது. என்ன பண்ணியும் உள்ள போக மாட்டேங்குது."

"லேடெக்ஸ் மென்பொருள்ல அடிச்சதுதானே? வாக்கியத்தை மாத்திப் போடு. அதுவே வரியை உடைச்சு அடுக்கிக்கும்."

என் மேசைக் கணினியிலேயே மாற்றி அச்சிட்டான். மறுபடியும் ஆறு வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எழுத்து வெளியே. அந்தப் பத்தியையே எடுத்தான். அடுத்த பத்தியில் ஆறு வரிகள் துருத்தின.

அளவுகோலை வைத்தபோதுதான் கவனித்தேன். வெளியே நின்ற ஆறு ஆங்கில எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தேன்.

சிக்ரிட்.

"யாருப்பா இது?"

டெரிலின் காபி தளும்பியது. "எங்க லேப்ல இருந்தவ. போன மார்ச்ல ஏரிமேல உறைஞ்ச பனி உடைஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டா. அவ ஃபைலைத்தான் டெம்ப்ளேட்டா எடுத்துக்கிட்டேன். எல்லாரும் செய்றதுதானே."

உண்மைதான். ஒருவர் கோப்பை இன்னொருவர் வாங்கி, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை எழுதுவார்கள். இவன் துடைக்கவில்லை.

திரையில் மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் 'எழுதியவர்: சிக்ரிட் ஹாகன்' என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சதவீதக் குறி. அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது கோப்பில் இருக்கும், தாளில் வராது. பெயரை அழிக்கக்கூட இவனுக்குத் தைரியமில்லை. அவள் வாயைப் பொத்தி வைத்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தியாயம் முழுசும் அவளோடதா?"

"செத்தவளுக்கு எதுக்கு லோர்னா பட்டம்?" என்று முணுமுணுத்தபடி அந்த வரியை அழித்தான்.

அறையில் பாசி வாடை.

அச்சுப்பொறி தானாக ஓடத் தொடங்கியது. தாள்கள் ஈரமாக வந்து விழுந்தன. முகப்பில் சிக்ரிட் ஹாகன். அவன் பெயர் இருந்த இடமெல்லாம் சிக்ரிட் ஹாகன்.

டெரில் கோப்பின் முதல் வரிக்குப் போனான். அவன் பெயர் அங்கேதான் இருந்தது. அதன் முன்னால் ஒரு சதவீதக் குறி.

"நான் போடல," என்று கிசுகிசுத்தான்.

குறியை அழித்தான். திரும்பி வந்தது.

அழித்தான். வந்தது.

என்னிடம் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கீழே விழுந்த தாளை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறக்கவே இல்லை. மேசையில் இருந்த காபியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மாணவர் பதிவேட்டில் தேடினேன். டெரில் மெல்னிக் என்று எங்களிடம் யாரும் சேர்ந்ததே இல்லை.

நாலு இருபதுக்குத் தொலைபேசி. கால்கரி நிறுவனத்திலிருந்து ஒரு பெண்.

"உங்க மாணவி ஒருத்தங்க வந்து உக்காந்திருக்காங்க. திங்கட்கிழமை சேரணுமாம். பட்டம் உறுதியாச்சான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க." குரல் தாழ்ந்தது. "வெளிய பனிதான் கொட்டுது. ஆனா அவங்க மேலருந்து தண்ணியா சொட்டுது."

சிக்ரிட் பெயர் இருந்த ஈர முகப்பில் முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

"உறுதியாச்சு," என்றேன். "அவங்களுக்கு ஒரு துண்டு குடுங்க."