மணற்குன்றின் ஒதுக்குப் பக்கம்

பெப்ரவரிப் பகல். கனடாவின் மில்லிக்கன் ஊர் முழுவதும் பனிக்குள் புதைந்து கிடக்க, ஜூலியின் அறை மூலையில், ஹீட்டர் துளைக்குக் கீழே, ஒரு கைப்பிடி செம்மணல் கிடந்தது. செலீன் தொட்டாள். சுட்டது.

எட்டு மாதப் பிள்ளை ஜூலி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. மணலைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்தி, குசினிக்கு வந்து புருஷன் வேலைசெய்யும் ஃபக்டரிக்குப் போன் அடித்தாள்.

“றோய், பிள்ளையின்ர அறைக்குள்ள மணல் கிடந்தது. சுடுது.”

“உது பனி வழுக்காம றோட்டுக்குப் போடுற மண்ணப்பா. என்ர சப்பாத்தோட வந்திருக்கும்.” மெஷின் சத்தத்துக்கு மேலால் சிரித்தான். “சனம் காசு குடுத்தெல்லே பீச்சுக்குப் போகுது. எங்களுக்கு வீட்டுக்க.”

“பகிடி விடாதேங்கோ. வாங்கோ.”

“ஃபோர்மன் பார்க்கிறான். அஞ்சு மணிக்கு வாறன்.”

போனை வைத்ததும் ஜூலி வீரிட்டு அழுதாள். செலீன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அரை அடிதான் திறந்தது. உள்ளே ஏதோ பாரம் முட்டுக்கொடுத்தது. இடுக்கால் அனல்காற்று, காய்ந்த மண் மணத்தோடு, அவள் முகத்தில் அடித்தது.

அறைக்குள் ஒரு மணற்குன்று. பிறை வடிவம். காற்று வரும் பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து.

அவளுக்கு அந்த வடிவம் தெரியும். நாலு வருடத்துக்கு முன், கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் ஆபிரிக்காவில் மொறித்தானியாப் பாலைவனத்தில் லொறியை நிறுத்திய இரவு, கூட வந்த அன்ரனெற்றுக்குப் படுக்க இடம் காட்டியவள் இவள்தான். ஊரில், மன்னார்க் கரையில் காற்றடித்தால் மணல்மேட்டின் காற்றுப்படாத ஒதுக்கில்தானே படுப்பார்கள். பாலைவன மணல் சும்மா கிடக்காது, பிள்ளைகளே, அது நடக்கும். சாய்வில் காற்று ஏற்றுகிற மணலெல்லாம் ஒதுக்குப் பக்கமாகத்தான் சரிந்து விழும். செலீனுக்கு அதை யார் சொன்னது, பாவம்? விடிய லொறி ஹோர்ன் அடித்தது. அன்ரனெற் படுத்த இடத்தில், மணலுக்குள் முனகல் கேட்டது. செலீன் லொறியில் ஏறிவிட்டாள்.

“அன்ரனெற்! என்னைக் கொண்டுபோ! பிள்ளையை விடடி!”

தோளால் இடித்தாள். கையை நுழைத்து அள்ளினாள். நகம் பிய்ந்தது. அள்ள அள்ள மணல்.

அழுகை தேய்ந்தது.

நின்றது.

இடுக்கில் கண்ணை வைத்தாள். தொட்டில் கவிழ்ந்து பாதி புதைந்திருந்தது. செங்குத்துச் சரிவின் அடியில் ஜூலி கண்மூடிப் படுத்திருந்தாள். மணலுக்குள்ளிருந்து முழங்கைவரை நீண்ட, சருகாய்க் காய்ந்த ஒரு கை, பிள்ளையின் முதுகை மெல்லத் தட்டித் தட்டி உறங்கவைத்துக்கொண்டிருந்தது.

மேலே, விளிம்பில், மணல் சரியத் தொடங்கியது.