விலக்கறை

விசாரணை உள்ள நாட்களில் நீதிபதி நப்பின்னை யாரையாவது மறந்துவிட்டுத்தான் மன்றத்துக்குள் போவார். அங்கி மாட்டிக்கொள்வதைப் போல அதுவும் ஒரு காலை வேலை. அவர் அறையை ஒட்டி விலக்கறை இருந்தது. அங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், மன்ற மருத்துவர் செம்பியன் அன்றைய வழக்கில் வரும் பெயர்களைக் கருவிக்குள் செலுத்துவார். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த சல்லடைச் சில்லு, அந்தப் பெயர்களோடு தொடுப்புள்ள நினைவுகளைத் தேடிப் பூட்டிவிடும். மாலையில் அதே நாற்காலியில் பூட்டு திறக்கப்படும். ஒருமுறை அவருடைய பல் மருத்துவரே வாதியாக வந்துவிட்டார். அன்று மதியம், கடைவாய்ப் பல் வலிக்கிறது, ஊரில் நல்ல டாக்டர் யாராவது உண்டா என்று நப்பின்னை மன்றச் சேவகரான டவாலியிடம் விசாரித்தார்.

முன்காலத்தில் தெரிந்தவர் வழக்கு வந்தால் நீதிபதி விலகிக்கொள்வார். வழக்கு மன்றம் மன்றமாக அலையும். கூட்டாட்சி வந்தபின் நீதிபதி விலக வேண்டியதில்லை, நினைவு விலகினால் போதும் என்று ஆயிற்று. பதவி உயர்வுக்கு மட்டும் விலக்கு நிரந்தரம். மேலே போகப் போக நடுநிலையும் கூட வேண்டும் அல்லவா? தேர்வெழுதி விசாரணை நீதிபதியானபோது நப்பின்னை பிறந்த தெருவையும் சாதியையும் குலதெய்வத்தையும் கொடுத்தார். புதுக்கொற்கை வட்டார நீதிபதியானபோது பள்ளி, கல்லூரித் தோழர்களைக் கொடுத்தார். அடுத்த படி தலைநகரில் இருக்கும் உச்ச மன்றமான மேலமர்வு. அதற்கு விலை, குடும்பம். அவருக்குக் குடும்பம் என்று இருந்தது ஒரே ஒரு தம்பி.

அந்தத் தம்பி இசைமுத்துவின் வழக்குதான் இப்போது அவர் மன்றத்துக்கு வந்திருந்தது.

இசைமுத்து கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர். உறிஞ்சு குழாயில் ஏதோ ஆலைக்கழிவு கலந்திருப்பதைக் கண்டு, ஊருக்குப் போகும் பெருங்குழாயை மூடிவிட்டான். அமைச்சர் வரும் நாள் அது. திறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அவன் திறக்கவில்லை. ஊர் தவித்தது, அமைச்சரின் விழா நின்றது, இசைமுத்து மேல் நாசவேலைக் குற்றம் சாட்டப்பட்டது. குற்றம் உறுதியானால் ஆழ்கடல் சுரங்க முகாம். அங்கே போனவர்கள் தண்டனைக் காலம் முடிந்து திரும்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஜாமீனில் இருந்த தம்பியை நப்பின்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. எப்படியும் மறக்கப்போகிற சாப்பாடு.

“ஜாமீன்ல வந்த கைதிக்குக் குழம்பு ஊத்துற ஜட்ஜை இப்பத்தான் பாக்கேன்,” என்றான் இசைமுத்து.

“கைதி இல்லல. எதிரி. சட்டத்துல அப்படித்தான் சொல்லணும். மீனை எடுத்து வையி.”

சின்ன வயதில் பூனை அடுப்படியில் புகுந்து சீலா மீனைத் தூக்கிக்கொண்டு ஓட, தெருவே துரத்திய கதையை அவன் சொன்னான். நப்பின்னை சிரித்தார். எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே சிரிக்கப் பழகியிருந்தார்.

கை கழுவும்போது அவன் மெல்லக் கேட்டான். “நீ லீவு போட்டுரேன்க்கா. வேற யாராவது விசாரிக்கட்டும்.”

“வேற யாராவதுன்னா அரசாங்கத்துக்குப் பயப்படுவாங்க. மூணு ஆய்வுக்கூடம் தண்ணி விஷம்னு சாட்சி சொல்லுது. உன்னை யாருன்னே தெரியாம உக்காந்தாலும் அதைத்தான நான் எழுதணும்? தம்பிங்கிறதால விட்டுட்டாள்னு நாளைக்கு ஒருத்தன் பேச முடியாதுல.”

“அப்ப நீ நீயா இருப்பியா?”

“அதைவிட நல்லவளா இருப்பேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. மேலமர்வுப் பட்டியல் தயாராகும் சமயத்தில் விடுப்பு எடுத்தால் பெயர் நழுவிவிடும் என்பதும் மனதில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று, டவாலி மூன்று முறை கூப்பிட்டபின் குற்றவாளிக் கூண்டில் ஒருவன் வந்து நின்றான். ஒல்லியான, முன்வழுக்கை விழத் தொடங்கிய ஆள். நப்பின்னைக்கு அவனைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. சாட்சிகள் தெளிவாகப் பேசினார்கள். தண்ணீரில் விஷம் இருந்ததை அரசு வழக்கறிஞரால் மறுக்க முடியவில்லை. விஷம் இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான் என்பதே அவர் வாதம். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டபோது, எதிரி தன்னையறியாமல் “இல்லக்கா,” என்று சொல்லிவிட்டான். மன்றம் சிரித்தது. நப்பின்னைக்குக் கோபம் வந்தது.

தீர்ப்பை எழுத உட்கார்ந்தபோது பேனா முதலில் விடுதலை என்ற பக்கமே சாய்ந்தது. பிறகு, வாதி யார் என்று யோசித்தார். அரசு. மேலமர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது யார்? அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஏசியின் இரைச்சலைப் போல அது அறைக்குள் இருந்தது. கீழ்ப்படிதல் இல்லாமல் கூட்டாட்சி நிற்காது என்று ஒரு வாக்கியம் வந்தது. அதன்பின் எல்லா வாக்கியங்களும் தாமாக வந்தன. எதிரி உறவுமுறை சொல்லி மன்றத்தின் இரக்கத்தைப் பெற முயன்றதையும் அவர் தவறாமல் குறிப்பிட்டார்.

மாலையில் பூட்டு திறந்தது. தான் முகாமுக்கு அனுப்பியது தம்பியை என்று விலக்கறை நாற்காலியில் நப்பின்னைக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு, சில்லில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், சோதித்துப் பாருங்கள் என்றார். செம்பியன் திரையை அவர் பக்கம் திருப்பினார். தம்பி சுத்தமாகப் பூட்டப்பட்டிருந்தான். அவன் குரல், மீன் குழம்பு, பூனை எல்லாமே. பூட்டப்படாமல் ஓரிடம் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“அது என்ன?”

“பதவி உயர்வு மேடம்.”

“அதை ஏன் பூட்டல?”

“விதியில அது பந்தம் இல்ல. பணி ஆர்வம்.” செம்பியன் கருவியை அணைத்தார். “ஆரம்பத்துல ரெண்டு மூணு பேருக்கு அதையும் எடுத்துப் பார்த்தோம். அரசாங்கம் வரிசையா கேஸ் தோத்துச்சு. அப்புறம் அவங்களே இந்த வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ஒண்ணையும் எடுத்துட்டா, மத்ததை எல்லாம் குடுக்க யாரு மேடம் இந்த நாற்காலிக்கு வருவா?”

தீர்ப்பில் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. அன்றிரவே இசைமுத்துவை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த மாதம் மேலமர்வு ஆணை வந்தது. சொந்தத் தம்பி என்றும் பாராமல் நீதி வழங்கியவர் என்று அதில் தனியே பாராட்டியிருந்தார்கள். நப்பின்னை அதைக் கிழித்தெறிய எண்ணினார். ராஜினாமா செய்ய எண்ணினார். கடைசியில் வேறொன்று தோன்றியது. தம்பியின் மேல்முறையீடு மேலமர்வுக்குத்தான் வரும். அதற்கு மேலே பதவி கிடையாது. பதவி கிடையாதென்றால் ஆசையும் கிடையாது, பயமும் கிடையாது. அங்கே உட்கார்ந்தால் சாட்சியைத் தவிர வேறெதுவும் தன்னைத் தொடாது.

“மேல போயிட்டா யாருக்கும் பயப்பட வேண்டாம்ல டாக்டர்?” என்று கேட்டார், கடைசி முறையாக அந்த நாற்காலியில் சாயும்போது.

“ஆமா மேடம். எல்லாரும் அதைச் சொல்லிட்டுத்தான் போறாங்க.”

சல்லடை தம்பியை எடுத்தது. தம்பிக்காகத்தான் மேலே போகிறோம் என்ற எண்ணம் அவன் நினைவோடு தொடுப்புள்ளது. அதையும் சேர்த்தே எடுத்தது.

மேல்முறையீடு வரிசைப்படி வந்து சேர நாளாயிற்று. நப்பின்னை ஓய்வுபெறவும் அதிக நாள் இல்லை. கூண்டுக்குள் நின்றவனின் தோல் வெயிலே படாமல் வெளுத்திருந்தது. இடையிடையே இருமினான். அவரை அவன் ஒரு கணம் உற்றுப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, “இல்லை, கனம் நீதிபதி அவர்களே,” என்று நிதானமாகச் சொன்னான். மரியாதை தெரிந்த ஆள் என்று நப்பின்னை நினைத்தார்.

வழக்கில் சிக்கல் எதுவும் இல்லை. மூன்று ஆய்வுக்கூடங்கள், ஒரே முடிவு. இவனைத் தண்டித்த கீழமன்றத் தீர்ப்பை அவர் இருமுறை படித்தார். இவ்வளவு தெளிவான சாட்சியை வைத்துக்கொண்டு யார் இப்படி எழுதினார்கள் என்று வியந்தார். தீர்ப்பெழுதியவர் பெயரை மறைத்து அனுப்புவதும் நடுநிலைக்கான ஏற்பாடுகளில் ஒன்று. விடுதலை என்று சொல்ல வாயெடுத்தார்.

டவாலி குனிந்து காதருகே வந்தார். சட்டத்துறைச் செயலாளர் அறையில் காத்திருக்கிறார், மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவோடு சேர்ந்துகொள்ள விருப்பமாம். கூட்டாட்சி நீர் ஆணையத்தின் தலைவர் பதவி காலியாகப்போகிறதாம், அம்மாவின் ஓய்வை ஒட்டி.

நீர் ஆணையம். எத்தனை கோடி மக்களின் உயிர் அது. நேர்மையான ஒருவர் அங்கே போயாக வேண்டும்.

“தீர்ப்பு பிற்பகல்,” என்று அறிவித்துவிட்டு நப்பின்னை எழுந்தார். மன்றமே எழுந்தது. கூண்டில் இருந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினான். வாசலைத் தாண்டும்போது அவர் நின்று, காவலரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அந்த ஆளுக்கு முதல்ல சாப்பாடு குடுங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ.”