கழுதை தின்ற கடைசி நான்கு தாள்கள்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. பெயர் அச்சிட்ட முதல் தாளும் இல்லை. எழுதியவர் யார் என்று கேட்டால், நூலகத்து இராசேஸ்வரி அக்காவே தலையைச் சொறிவார்.

"நூறு வருசத்துக்கு முந்தின கதை, பிள்ளை. தையலெல்லாம் இத்துப்போச்சு. இனி அலுமாரியிலை வைக்க ஏலாது. வேணுமெண்டா நீர் கொண்டு போம்" என்று அதை அஸ்னாவிடம் கொடுத்துவிட்டார்.

அஸ்னாவுக்குப் பதினொரு வயது. புத்தகம் என்றால் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. மன்னாரில் அவளோடு டியூசன் படிக்கும் ஜுனைட், துஷ்யந்தி, சுஜன் மூவரையும் கூப்பிட்டாள். சனிக்கிழமை நான்கு மணிக்குத் துஷ்யந்தி வீட்டு விறாந்தையில் கூடி வாசிப்பது என்று முடிவாயிற்று.

வாசிப்பவர்கள் நான்கு பேர். புத்தகமோ ஒன்று. ஆனால் அதுதான் தையல் விட்ட புத்தகமாயிற்றே! அதைப் பன்னிரண்டு கட்டுகளாகப் பிரித்தார்கள். வாரம் ஒருவர் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுபோவார். பழைய காலத்துச் சொற்களை வாய்க்குப் பழக்கிக்கொண்டு வந்து, சனிக்கிழமை மற்றவர்களுக்கு உரக்க வாசிப்பார்.

சட்டம் இரண்டே இரண்டு. அடுத்தவரின் கட்டை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. தாளில் பிஸ்கட் தூள் கொட்டக் கூடாது. இரண்டாவது சட்டத்தை ஜுனைட் மூன்று தரம் மீறியிருந்தான்.

கதை வேலப்பன் என்ற மாலுமியைப் பற்றியது. அவனுடைய நண்பன் கப்பலில் சாகும்போது ஒரு கடிதத்தைக் கொடுத்து, "இதை என் தாயிடம் சேர்த்துவிடு" என்கிறான். பிறகு புயல், சிறை, காய்ச்சல் என்று பத்து வருடங்கள் ஓடிவிடுகின்றன. கடிதம் மட்டும் வேலப்பனின் இடுப்பிலேயே இருக்கிறது.

நான்கு பேருக்கும் அந்தக் கடிதத்தின் கவலைதான். ஒரு நாள் துஷ்யந்தி சோற்றைப் பிசைந்தபடி, "பாவம், அந்தத் தாய்" என்று பெருமூச்சு விட்டாள். அவளுடைய அம்மா எந்தத் தாய் என்று தெரியாமல் பயந்தேபோனார்.

கடைசிக் கட்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். சுஜனின் பெயர் வந்தது. சுஜன் கொஞ்சம் மெதுவாக வாசிப்பவன்.

"இவன் எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்க, வேலப்பனுக்கு இன்னும் பத்து வருசம் போயிடும்!" என்றான் ஜுனைட்.

எல்லோரும் சிரித்தார்கள். சுஜனும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்திருந்ததை அஸ்னா கண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சுஜன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. டியூசனில் கடைசி வரிசை வாங்கில் இருந்தான். வகுப்பு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

"முடிவைத் தான் மட்டும் வாசிச்சிட்டு எங்களைப் பேய்க்காட்டுறான்" என்றான் ஜுனைட்.

"அவன் அப்பிடிப்பட்டவன் இல்லை" என்றாள் அஸ்னா.

ஞாயிற்றுக்கிழமை அஸ்னாவின் வாப்பா கருவாடு வாங்கத் தாழ்வுபாட்டுக்குப் புறப்பட்டார். சுஜனின் வீடும் அங்கேதான். "நானும் வாறன் வாப்பா" என்று அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சுஜன் கடற்கரையில் இருந்தான். பழைய வலையில் காயப்போட்ட மீன்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"காய்ச்சலோ?" என்று அஸ்னா கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஏன் வரேல்லை?"

சுஜன் மீனைப் புரட்டினான். ஏற்கனவே புரட்டிய மீனையே மறுபடியும் புரட்டினான். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், ஒரு பொலித்தீன் பையோடு வந்தான்.

உள்ளே அந்தக் கடைசிக் கட்டு இருந்தது. ஓரமெல்லாம் கடிபட்டு, ஈரம் பட்டுச் சுருங்கிக் கிடந்தது. வேலப்பன் கடைசியில் அந்தத் தாயின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். கதவைத் தட்டுகிறான். 'கதவு திறந்தது. அங்கே' என்பதோடு தாள் முடிந்தது.

"மிச்சம் எங்கை?"

"கழுதை திண்டிட்டுது."

அஸ்னாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுஜனின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"ஒரு சொல்லு விளங்கேல்லை. சேரிட்டைக் கேப்பமெண்டு டியூசனுக்குக் கொண்டு வந்தனான்" என்றான் சுஜன். "திரும்பிப் போகேக்கை பஸ் ஸ்டாண்டடியிலை பாண் வாங்கக் கடைக்குள்ளை போனனான். கட்டு சைக்கிள் கரியரிலை இருந்தது. வந்து பாத்தா, அங்கை திரியிற கழுதையொண்டு சப்பிக்கொண்டு நிக்குது. இழுத்துப் பாத்தன். நாலு தாள் போச்சு."

"அந்த நாலையும் நீ வாசிச்சனியோ?"

"இல்லை. முன்னுக்கு உள்ளதைத் தடக்காமல் பழகிப்போட்டு, அண்டைக்குப் பின்னேரம் வாசிக்க வைச்சிருந்தனான்." அவன் வெறும் பையைச் சுருட்டினான். "ஜுனைட் நினைச்சது சரிதான். எனக்குக் கடைசிக் கட்டைத் தந்திருக்கக் கூடாது. இனி நான் வர மாட்டன்."

அஸ்னா கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடினமான சொற்களின் கீழே எல்லாம் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தது.

"கதவு திறக்கிற மட்டும் எத்தினை தரம் வாசிச்சனி?"

"பதினாறு."

"பதினாறோ? நான் என்ர கட்டை ரெண்டு தரம்தான் வாசிச்சனான்! சனிக்கிழமை வா. கதவு திறக்கிற மட்டும் வாசி. பிறகு நடந்ததை நீயே சொல்லு. நான் பக்கத்திலை இருப்பன்."

"ஜுனைட் கோவிப்பான்."

"கோவிக்கட்டும். அவன் கோவிச்சு முடிய நான் ஒரு கேள்வி கேப்பன்."

"என்ன கேள்வி?"

"அதைச் சனிக்கிழமை பார்."

சனிக்கிழமை சுஜன் வந்தான். அவன் வாசித்ததைக் கேட்க நன்றாக இருந்தது. ஓரிடத்திலும் தடக்கவில்லை. வேலப்பன் கதவைத் தட்டியபோது துஷ்யந்தி கதிரையின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"கதவு திறந்தது. அங்கே..."

சுஜன் நிறுத்தினான். அஸ்னாவைப் பார்த்தான். பிறகு கழுதையின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தான்.

ஜுனைட் எழும்பிவிட்டான். "மூண்டு மாசம்! மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டு இருந்தம்!"

"அப்ப அந்தக் கடிதம்?" என்ற துஷ்யந்திக்குக் கண் கலங்கியது.

சுஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எந்தக் கழுதை?" என்று ஜுனைட் திடீரென்று கேட்டான்.

"அந்த ஒரு காது தொங்கின கழுதை."

ஜுனைட் மெதுவாகக் கதிரையில் இருந்தான். "அதுவோ? என்ர தொப்பியையும் அதுதான் திண்டது."

துஷ்யந்தி களுக்கென்று சிரித்தாள். இதுதான் நேரம் என்று அஸ்னா தன் கேள்வியைக் கேட்டாள்.

"சரி, கதவைத் திறந்தது ஆர்? ஆளுக்கு ஒரு முடிவு சொல்லுவம்."

ஜுனைட்டின் முடிவில் கதவைத் திறந்தது ஒரு கொள்ளைக்காரன். வாள்சண்டையில் மூன்று கதிரைகள் உடைந்தன. துஷ்யந்தியின் முடிவில் செத்துப்போன நண்பனே உயிரோடு வந்து கதவைத் திறந்தான். அஸ்னாவின் முடிவில், 'அம்மா, இவனை உன் மகனாக வைத்துக்கொள்' என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

"நீ சொல்லு, சுஜன்."

சுஜன் யோசித்தான். "தாய்தான் திறக்கிறா. ஆனா கடிதத்தைப் பற்றிக் கேக்கேல்லை."

"ஏன்?"

"எங்கட அப்பா கடலாலை பிந்தி வாற நாளிலை அம்மா வேறை ஒண்டும் கேக்க மாட்டா. முதல் 'சாப்பிட்டியளோ?' எண்டுதான் கேப்பா. வேலப்பனும் கடலாலை வந்தவன்தானே? அதாலை அந்தத் தாய் முதல் சோறு போடுறா. கடிதம் ரெண்டு பேருக்கும் நடுவிலை கிடக்குது. அவன் சாப்பிட்டுக் கை கழுவினாப் பிறகுதான் அவ அதை எடுக்கிறா."

ஜுனைட் வாய்வரை கொண்டுபோன பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"அதுதான் முடிவு" என்றான் அவன். "எனக்கு வேறை முடிவு வேண்டாம். அடுத்த புத்தகத்திலையும் கடைசிக் கட்டு சுஜனுக்குத்தான். ஆனா சைக்கிள் கரியரிலை வைக்கக் கூடாது. அது மூண்டாவது சட்டம்."

சுஜனின் காது மறுபடியும் சிவந்தது. இந்தத் தரம் சந்தோசத்தில்.

மூன்று வாரம் கழித்து, நூலகத்தில் இராசேஸ்வரி அக்கா அவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். நடந்ததை அஸ்னா முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் ஒரு தாளைப் படமெடுத்து யாழ்ப்பாணத்திலுள்ள தன் தோழிக்கு அனுப்பியிருந்தார். தோழி அதே புத்தகத்தைத் தேடிப் பிடித்து, கடைசி நான்கு தாளையும் படமெடுத்து அனுப்பிவிட்டார்.

"வேறை முடிவு வேண்டாமெண்டனி?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"சும்மா பாக்கிறன்" என்று ஜுனைட்தான் முதலில் தொலைபேசியை வாங்கினான். உரக்க வாசித்தான்.

"அங்கே நண்பனின் தாய் நின்றாள். கடிதத்தைப் பெற்று மகிழ்ந்தாள். ஆதலின், இதனை வாசிக்கும் அன்பர்காள்! எக்காரியத்தையும் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும்..."

"பிறகு?"

ஜுனைட் அடுத்த படத்துக்குத் தள்ளினான். அதற்கடுத்ததற்கும் தள்ளினான். "அதிகாலையில் எழும்ப வேணுமாம். சோம்பல் கூடாதாம். பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாதாம். எட்டுப் பக்கமும் இதுதான்!"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அவ்வளவு புத்திமதியும் அந்தக் கழுதைக்குத்தான் போயிருக்கு" என்றான் சுஜன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில், இராசேஸ்வரி அக்கா நூலகம் என்பதையும் மறந்து தானும் சேர்ந்து சிரித்தார்.

வீடு திரும்பும்போது பஸ் ஸ்டாண்டடியில் அந்தக் கழுதை நின்றது. யாரோ ஒருவரின் சைக்கிள் கூடையிலிருந்த கீரைக்கட்டை அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.