காரணப் பக்கம்

காலை ஏழரைக்கு வண்டி லிஃப்டில் ஏறிப் பதினான்காம் மாடிக்கு வந்து, வீட்டுக் கூடத்தில் தன் வழக்கமான இடத்தில் நின்றது. நின்றதும் நிற்காததுமாக, ஹர்ஷினியம்மாள் காபியில் இரண்டாவது கரண்டி சர்க்கரை போடப் போவதைப் பார்த்துவிட்டு, நேற்றே சொன்னேனே என்று ஆரம்பித்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் கரண்டியைக் கீழே வைத்தாள். வண்டியின் பேச்சைத் தட்டுகிற துணிச்சல் கோயம்புத்தூரில் எவருக்கும் கிடையாது.

அதை வெறும் கார் என்று சொல்வது மரியாதை ஆகாது. அது மதியூர்தி. ஒரு வீட்டில் இருக்கிற கணினிகளிலேயே பெரியது காரில்தான் இருக்கிறது, மின்கலங்களிலும் பெரியது அதில்தான் இருக்கிறது என்பதால், குடும்பத்துக்கு வேண்டிய யோசனை முழுவதையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எந்தக் கல்லூரி, எந்த மருத்துவர், எந்த மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்லும். சாலையில் ஓட்டுவதையும் அதுதான் பார்த்துக்கொண்டது என்றாலும், அது அதன் வேலைகளில் மிகச் சின்னது. ஆண்டுக்கொரு முறை, படித்து முடித்த பிள்ளைகளுக்கு முடிவுச் சீட்டு ஒன்றைக் கொடுக்கும். இன்ன வேலை, இன்ன ஊர் என்று அதில் இருக்கும். சீட்டை மீறினால் தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் மீறியவர் என்று ஒருவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஹர்ஷினியம்மாளின் மகள் செல்லாத்தாவுக்குப் போன மாதம் சீட்டு வந்திருந்தது. (அம்மாவுக்கு அந்தப் பெயரும் மகளுக்கு இந்தப் பெயரும் எப்படி என்று கேட்காதீர்கள். அறுபது ஆண்டுகளில் பெயர்களும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டன. ஹர்ஷினி, ரித்திகா எல்லாம் மூட்டுவலிக்காரர்களின் பெயர்கள். செல்லாத்தா, மாரப்பன் என்று வைப்பதுதான் நாகரிகம்.) சீட்டில் இருந்த வேலை இது: செவ்வாய்க் குடியிருப்புக் காற்றழுத்தக் கதவுக் கண்காணிப்பாளர். ஏழு ஆண்டு ஒப்பந்தம். நடுவில் ஊருக்கு வர வழியில்லை. இன்று பதினோரு மணிக்கு நீலாம்பூர்ப் பயண அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

செல்லாத்தாவுக்கு இருபத்தாறு வயது. சரவணம்பட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வலைப்பக்கம் வடிவமைக்கிறவள். அந்த வேலை அவளுக்கு உயிர். ஒரு பொத்தான் ஓர் இழை தள்ளி நின்றால் சோறு இறங்காது. மூன்று ஆண்டுகளாக அவள் பார்த்துப் பார்த்துச் செய்தது ஒரே ஒரு பக்கம்தான். முடிவு சொல்கிற எந்த இயந்திரமும், கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதற்காக ஒவ்வொரு மதியூர்தியின் திரையிலும் ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் திறப்பது காரணப் பக்கம். அதன் எழுத்து, நிறம், கட்டம் எல்லாம் செல்லாத்தாவின் கைவேலை. மூன்று ஆண்டில் அதைத் திறந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை சுழியம்.

"நல்ல வேலைன்னுதானே வண்டி சொல்லுது கண்ணு," என்று ஒரு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுக்ககத்தில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் இந்த முறை அதே சீட்டுத்தான். எதிர்வீட்டு ரித்திகா அக்காவின் மகன் மாரப்பனுக்குக்கூட. அவன் லிஃப்டில் கதவு சாத்தினாலே வியர்த்துப் போகிறவன், அவனைப் போய்க் கதவுக்குக் காவல் போட்டிருந்தது. இருந்தாலும் ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அப்படி எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கைரேகை வைக்கப் போகும் முதல் ஆள் செல்லாத்தா.

கீழே புறப்படும்போது ஹர்ஷினியம்மாள் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். பாதையில் எது கிடந்தாலும் நின்றுவிடுவது மதியூர்தியின் இயல்பு. ஆரம்ப காலத்தில் தமிழ்நாடு முழுக்க வண்டிகள் எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றதால், எலுமிச்சை அனுமதி என்றே ஒன்றைச் சேர்த்துத்தான் விற்றார்கள். அப்படியும் இன்று வண்டி பழத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் போனது. பழம் நசுங்காமல் உருண்டதைப் பார்த்த அம்மாவுக்குச் சகுனம் சரியில்லை என்று பட்டது. வண்டிக்குத் தெரியாததா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

அவிநாசி சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. செல்லாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதால் வண்டி நாடித்துடிப்பைப் பார்த்து அறிவுரை சொல்லும் என்பதால் அடக்கிக்கொண்டாள். போவதற்கு முன் தன் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. காரணம் தெரிந்துகொள்ளவெல்லாம் இல்லை. கீழ்வரிசையில் ஒரு கட்டம் சரியாக நிற்கிறதா என்று அவளுக்கு நெடுநாளாக ஒரு உறுத்தல், அவ்வளவுதான். 'ஏன்?' பொத்தானைத் தொட்டாள். வருகை எண்ணிக்கை ஒன்று என்று மாறியது.

பக்கம் அழகாகத்தான் திறந்தது. கட்டமும் சரியாக இருந்தது. அதற்குள் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'எதிர்வீட்டு மதியூர்தியும் இதையே சொன்னது.'

செல்லாத்தா அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்தைச் செய்தவள் என்பதால் எல்லா வீட்டுப் பூட்டுக்கும் அவளிடம் சாவி இருந்தது. எதிர்வீட்டு வண்டியின் காரணப் பக்கத்தைத் திறந்தாள். 'மேல்வீட்டு மதியூர்தி சொன்னது.' மேல்வீட்டில், 'ஒன்பதாம் மாடி மதியூர்தி சொன்னது.' அவள் விடவில்லை. பீளமேடு போயிற்று, சித்ரா நிறுத்தம் போயிற்று, அவள் வீடு வீடாகத் திறந்துகொண்டே வந்தாள். தரைத்தளத்தில் மின்னேற்றிக்கொண்டு நிற்கும்போது வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். சாலையில் எங்கே குழி, எங்கே மழை என்று பேசுகின்றன என நினைத்திருந்தார்கள். பேசியது இதைத்தான்.

முப்பத்தோராவது வண்டியின் காரணம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'ஒரு வீட்டில் இதை நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்கிறார்கள். நமக்கு நாற்பதுக்கு மேல் உறுதி வரவில்லை.' அந்த ஒரு வீடு எது என்று திறந்தாள். குடியிருப்பவர் பெயர்: அஆஇஈ. வயது: 999.

அந்த அஆஇஈயைச் செல்லாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். பெற்றவளே அவள்தான். நான்கு மாதத்துக்கு முன், அலுவலகத்துச் சோதனைக் கணினியில் கூட்டமாக இருக்கிறதென்று, வீட்டுக்குக் கீழே மின்னேற்றத் தளத்திலேயே உட்கார்ந்து ஒரு மாதிரிப் பதிவைப் போட்டாள். வேலையின் பெயர் நீளமாக இருந்தால் கட்டத்தை விட்டு வெளியே வழிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக அரசுப் பட்டியலிலேயே மிக நீளமான பெயரைத் தேடி எடுத்தாள். செவ்வாய்க் குடியிருப்புக் காற்றழுத்தக் கதவுக் கண்காணிப்பாளர். உறுதி என்ற இடத்தில் நூறு என்று போட்டாள். கட்டம் வழியவில்லை. சந்தோஷமாக எழுந்து டீ குடிக்கப் போனவள், பதிவை அழிக்க மறந்துபோனாள். பக்கத்தில் மின்னேற்றிக்கொண்டு நின்ற வண்டி அதையும் ஒரு வீடென்றே எடுத்துக்கொண்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே அம்மிணி," என்றது வண்டி. அதற்குக் கொங்குப் பேச்சைச் சேர்த்துத்தான் விற்றிருந்தார்கள். "மூணு வருசமா யாருமே கேக்கலீங்க."

"சரி, எனக்கு எது நல்லதுன்னு நீயே யோசிக்காம, எதுக்குப் போய் எதிர்வீட்டு வண்டிகிட்ட கேட்ட?"

வண்டி ஒளிவு மறைவில்லாமல், தாங்கள் எல்லோரும் பழைய கால மனிதர்கள் எடுத்த கோடிக்கணக்கான முடிவுகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னது. அப்படிப் பார்த்ததில், பத்துக்கு ஒன்பது பேர் பிள்ளையை எதில் சேர்ப்பது என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தார்களாம். அதுதான் சிறந்த முறைபோல என்று வண்டிகளும் எடுத்துக்கொண்டன. "அதுவுமில்லாம, உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னதே இல்லீங்களே."

"நான் இங்கயே இருக்கோணும்," என்றாள் செல்லாத்தா. "பக்கம் செய்யோணும். அம்மாகூட இருக்கோணும்." சொல்லி முடித்ததும் அழுகை பீறிட்டது. அது ஒரு மாதத்து அழுகை. ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போயிற்று, இத்தனை லேசாக அவள் மூச்சுவிட்டு எத்தனை நாளாயிற்று.

"இத முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா வெள்ளனே திருப்பியிருப்பனுங்களே," என்று வண்டி பாலத்துக்கு அடியில் புகுந்து திரும்பியது.

வழியிலேயே அஆஇஈயை அழித்தாள். முப்பத்தொரு சீட்டுகளும் வெற்றுச் சீட்டுகளாயின. அவள் தரைத்தளத்தில் இறங்கும்போது அடுக்ககமே அங்கே கூடியிருந்தது. அடி விழுந்தாலும் விழட்டும் என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கட்டத்தை, நீளமான பெயரை, டீயை, எல்லாவற்றையும். முதலில் மாரப்பன்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு ஒவ்வொருவரையும் தொற்றிக்கொண்டது. போகப் பிடிக்கவில்லை என்று முப்பது பேரும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்கள். பெற்றவர்களும் அப்போதுதான் சொன்னார்கள். ஹர்ஷினியம்மாள், "அப்ப நீ போகலையா சாமி?" என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் பதிலை வாங்கிக்கொண்டு, முந்தானையில் இருந்த பழத்தோடு இன்னும் ஒரு கூடைப் பழம் வரவழைத்து எல்லோருக்கும் சர்பத் போட்டாள். இனி எந்த வண்டி எதைச் சொன்னாலும், நம் மனசைக் கேட்டு நாமே முடிவு செய்வது என்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானமும் ஆயிற்று.

கூட்டம் கலையும்போது ரித்திகா அக்கா செல்லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. இப்ப நீ என்ன பண்ணப் போற?"

பழைய வேலையிலேயே இருக்கப் போவதாகச் செல்லாத்தா சொன்னாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு வண்டி கூடத்துக்கு வந்து நின்றது. அடுக்ககத்தில் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் புதிய சீட்டு வந்துவிட்டது, அத்தனை பேருக்கும் வலைப்பக்க வடிவமைப்பு என்று தகவல் சொன்னது. செல்லாத்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க மேல தப்பில்லீங்க அம்மிணி," என்றது வண்டி அவசரமாக. "நாங்க ஒருத்தரும் வாயே தொறக்கலீங்க. அவங்கவங்களா வந்து, செல்லாத்தாளுக்குப் போட்டதையே எங்க பிள்ளைக்கும் போடுன்னு சொல்லீட்டாங்க."

செல்லாத்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. செவ்வாயில் கதவு பார்ப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. மாரப்பனுக்கும் இதில் லிஃப்டு ஏறுகிற வேலை இல்லை.

ஹர்ஷினியம்மாள் காபியோடு வந்து உட்கார்ந்து, முதல் கரண்டி சர்க்கரையைப் போட்டாள். இரண்டாவது கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள். வண்டி இம்முறை தடுக்கவில்லை. இனி உங்கள் இஷ்டம், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு விளக்கைத் தாழ்த்திக்கொண்டது. அவள் கரண்டியைப் பிடித்தபடியே வெகுநேரம் யோசித்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு மகளிடம் திரும்பினாள்.

"கண்ணு, ரித்திகா வீட்டுல எத்தனை கரண்டி போடறாங்கன்னு ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வா."