தூவியின் சூடு தணியும் வரை

மேற்கு மலைகளின் பின்னே செஞ்ஞாயிறு மறைந்து, கிழக்கே எழுந்த முழுமதி ஆன்பொருநை நதியின் நீர்ப்பரப்பைத் தழுவத் தொடங்கிய அந்த இனிய அந்திப் பொழுதில், தென்கரையிலே பாசறை இறங்கியிருந்த கருவாழி நாட்டுச் சேனையின் எழிலை வாசகர்களுக்கு விரிவாக வர்ணிக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டோம். எங்கே விட்டார்கள்! குதிரைக் கொட்டிலிலிருந்து கிளம்பிய ஒரு பெண்ணின் கூச்சலில், நாணலுக்குள் உறங்கப்போன நாரைகளே மிரண்டு பறந்துவிட்டன. இனி எந்த நிலவைப் பாடுவது?

கூச்சலிட்டவள் எயினி நங்கை. சேனாபதியின் மகள், பாசறைப் புரவிகள் அனைத்துக்கும் பொறுப்பானவள். அவள் எதிரே தூவி என்னும் வெண்ணிறப் பெண்குதிரை வாயில் நுரை தள்ளக் கால்கள் நடுங்க நின்றது. அதன் கடிவாளத்தைப் பிடித்திருந்த வாலிபன், எல்லைக் காவலரின் முத்திரை மோதிரத்தைக் காட்டி, தன் பெயர் இளங்காரி என்று சொல்லிக்கொண்டு சற்றுமுன் வந்த தூதன். பகைவரான மேற்குன்றூரார் மேல்துறைப் பாறைகளின் வழியே ஆற்றைக் கடப்பதாகவும், தான் அங்கிருந்தே நேராக வருவதாகவும் அவன் சொன்னதை நம்பி, சேனை முழுவதும் மேல்துறைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

“அம்மணி, வேறொரு குதிரை தாருங்கள். நான் உடனே எல்லைக்குத் திரும்பவேண்டும்.”

“திரும்புவீராம்! ஓடிக் களைத்த புரவியின் சூடு தணியும் வரை, ஓட்டி வந்தவர்தான் அதை நடத்தவேண்டும். இந்தப் பாசறையில் என் தந்தைக்கும் அதே விதிதான். நடத்துமையா!”

அவள் தூவியின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுத்த இடம் சிவக்க வெகுநேரமாயிற்று. விலாவில் காதை வைத்துக் கேட்டாள். குடலில் ஓசையே இல்லை.

“கொதிக்கிற உடம்போடு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவிட்டீரா?”

“தாகத்தில் தவித்தாள். மனம் பொறுக்கவில்லை.”

“மனம் பொறுக்கவில்லையாம்! மூளை என்று ஒன்று இருந்ததா, அதையும் ஆற்றோடு விட்டுவிட்டீரா? இனி இவள் நின்றால் படுப்பாள், படுத்தால் எழமாட்டாள். நடத்திக்கொண்டே இரும். நான் ஓமக் கஷாயம் கொண்டுவருகிறேன்.”

அவள் அடுப்படிக்குப் போய் வரும் வரை கொட்டிலில் காவல் இல்லை. சேணம் பூட்டிய குதிரைகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. அவள் திரும்பியபோதும் அந்த மனிதன் வைக்கோல் பிரியால் தூவியின் வியர்வையைத் துடைத்தபடி நடந்துகொண்டுதான் இருந்தான்.

கஷாயத்தைப் புகட்டிவிட்டு, எயினி குளம்புகளைத் தூக்கி ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பின்னங்குளம்பின் குழியில் பச்சை மஞ்சள் கிழங்கு நசுங்கி அப்பியிருந்தது. அவள் விரல்களெல்லாம் மஞ்சளாயின. மேல்துறை வெறும் பாறை. மஞ்சள் வயல்கள் இருப்பது கீழ்த்துறையில் மட்டுமே! அப்படியானால் பகைவர் கடப்பதும் அங்கேதான். தந்தையின் சேனை ஆளில்லாத துறைக்குப் போகப்போகிறது. பாசறை வெறுமையாகக் கிடக்கப்போகிறது.

“யாரையா நீர்?” என்றாள் எயினி, இடைவாளை உருவி.

அவன் கடிவாளத்தை விடவில்லை. “மேற்குன்றூர் மன்னரின் இளைய குமாரன், விடங்கன். இவள் பிறந்த நாள் முதல் நான் வளர்த்தவள்.”

“அடுப்படிக்கு நான் போனபோதே ஓடித் தொலைத்திருக்கலாமே, அறிவு கெட்டவரே!”

“ஓடியிருந்தால் இவளை யார் நடத்துவது? கீழ்த்துறையில் காத்திருக்கும் என் அண்ணன் இதற்காக என்னை ஒருநாளும் மன்னிக்கமாட்டான்.”

அவன் ஓடியிருக்கக் கூடாதா என்று எயினியின் மனம் ஒரு கணம் ஏங்கியது. அப்படி ஏங்கிய மனத்தின்மீதும் அவளுக்கு எரிச்சல் மூண்டது. ஆயினும் அவள் கொட்டில் வாசலுக்குச் சென்று உரக்கக் கூவினாள்: “கொம்பு ஊதுங்கள்! பகைவர் வருவது கீழ்த்துறையில்! இங்கே ஒற்றன் இருக்கிறான், காவலரே!”

கொம்புகள் முழங்கின. கயிறுகளோடு ஓடிவந்த வீரர்கள் விடங்கனைச் சூழ்ந்து, அவன் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள். கடிவாளம் நழுவ, தூவியின் முன்னங்கால்கள் மடியத் தொடங்கின.

“நிறுத்துங்கள், மூடர்களே!” என்று எயினி சீறினாள். “வலக்கையை விட்டுவிட்டுக் கட்டுங்கள். குதிரைக்கு இன்னும் சூடு தணியவில்லை!”